பதினேழாம் கேள்வி

புதுவயலில் இறங்கியதுமே தோளில் சாம்பல்.
ஆலைப் புகைபோக்கி தள்ளிய உமிச் சாம்பல்.
தட்டாதீங்க, ஈஷிக்கும், ஊதிவிடுங்க
என்றார் நடத்துனர்.

பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவில் உதவியாளர் நான்.
அட்டையில் செருகிய படிவம், முப்பத்தொரு கேள்வி.
விடுதிக்கு அரிசி தரும் ஆலை
ஆட்களை எப்படி நடத்துகிறது என்று
இந்த ஆண்டுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது எங்களுக்கு.
ஆம், இல்லை, பொருந்தாது.
ஒன்றில் டிக் போட்டால் போதும்.

குடிநீருக்கு ஆம் போட்டேன்.
இருபது லிட்டர் கேன், மேலே கவிழ்த்த டம்ளர்.
முதலுதவிப் பெட்டிக்கும் ஆம்;
பூட்டு புதுசு, சாவியில் இன்னும் பிளாஸ்டிக் உறை.

பதினான்கு வயதுக்குக் கீழ் யாராவது?
கொதிகலனுக்குப் பின்னால் ஒரு ஜோடிச் செருப்பு
என் உள்ளங்கை அளவில்.
லீவுக்கு வந்த அக்கா பையனோடது என்றார்கள்.
அன்று செவ்வாய்க்கிழமை.
'இல்லை'யில் டிக் போட்டு
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

சுக்தேவ் ஒடிசாவிலிருந்து வந்தவன்.
அடையாள அட்டை எங்கே என்று சைகையில் கேட்டேன்.
அலுவலக அறையைக் காட்டி
அவன் சொன்ன ஒரே தமிழ்ச் சொல்:
பத்திரம்.

களத்தில் பதினோரு பெண்கள்
புழுங்கல் நெல்லைக் காலால் உழுதபடி
போகிறார்கள், திரும்பி வருகிறார்கள்.
வெந்த நெல்லின் வாடை, நவம்பரிலும் சுடுகிற தரை.
கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.
படிவத்துக்காக இல்லை, எனக்காக.
இருக்குங்க, என்றாள் அடைக்கலமேரி,
சாவி சூப்பர்வைசர்ட்ட.
அவர் எங்கே?
சாப்பிடப் போயிருக்கார்.
எப்ப வருவார்?
நெல்லு காஞ்சதும்.
பதினோரு பேரும் சிரித்தார்கள்.
அதுக்குத்தான் நாங்க
காலையிலேர்ந்து தண்ணியே தொடுறதில்ல.

திரும்பிப் பார்த்தேன்.
கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது.

பதினேழாவது,
குறைந்தபட்சக் கூலி வழங்கப்படுகிறதா?
சேவுகப்பெருமாள் கூலிப் பதிவேட்டை எடுக்கவில்லை.
வேறொரு கோப்பை என் பக்கம் திருப்பினார்.
விலை ஆணை. பச்சை மை.
இது உங்க கையெழுத்துதானேம்மா?

என்னுடையதுதான்.

மூணு ஆலை விலை கொடுத்தோம்.
கிலோவுக்கு ரெண்டு ரூபா அம்பது காசு
குறைச்சதால எனக்கு வந்தது.
அந்த ரெண்டு அம்பது எதுலேர்ந்து குறைஞ்சிருக்கும்,
நெல்லு விலையிலயா, கரண்டு பில்லுலயா?
ஜூன்ல போட்ட பில்லுக்கே
இன்னும் பணம் வரல.
இதையெல்லாம் கேக்குற கேள்வி
உங்க ஃபாரத்துல எத்தனாவது?

அவர் நல்லவர் இல்லை.
பேசும்போது மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது,
உள்ளே ரப்பர் பேண்டு போட்ட அடையாள அட்டைகள்.
கழிப்பறைப் பூட்டும் அவர் உத்தரவுதான்.
இருந்தும் என் பேனா
'இல்லை'யின் கட்டம் வரை போய் நின்றது.

டிக் போடவில்லை.
ரூ. 2.50 என்று எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

பிரிவு அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
இது பதில் இல்லையேம்மா.
இல்லைங்க சார்.
பொருந்தாதுன்னு போட்டிருக்கலாம்.
யாருக்குப் பொருந்தாது சார்?
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் தந்தார்,
சுத்தமா எழுதிக் குடுங்க.

சுத்தமாக எழுதினேன்.
எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன்.
பதினேழிலும் குழந்தைகளிலும்
மறுவிசாரணை தேவை என்று எழுதினேன்.
பழையதைக் கிழிக்கவில்லை.
அடுத்த ஆண்டு ஒப்பந்தப்புள்ளிக் கோப்பில்,
குறைந்த விலைக்கே ஆணை என்ற விதிக்கு மேலே
குண்டூசியால் குத்தி வைத்தேன்.
யார் திறந்தாலும் முதலில் விரலில் குத்தும்.

பிறகு ஆலைக்குப் போன் போட்டேன்,
அந்தச் சாவி விஷயமாக மட்டும்.
வெகுநேரம் அடித்தபின் யாரோ எடுத்தார்கள்.
பின்னால் இயந்திரத்தின் இரைச்சல்.
சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள்.

மணி நாலே கால்.